கை நனைக்கும் நேரம்

கட்டிலின் மேல் துவாலையை மடித்துச் செய்து வைத்திருந்த அன்னத்தின் கழுத்து வெதுவெதுப்பாக இருந்தது. அதைத் தூக்கி நாற்காலியில் வைக்கப்போன நொஹெமியின் விரல்களில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியது. முகர்ந்து பார்த்தாள். முகர்ந்திருக்கக் கூடாது. வெயிலில் இரண்டு நாள் கிடந்த கோழிக்குடலின் வாடை, அதை மறைக்கப் பூசினாற்போல் எலுமிச்சை சோப்பின் வாசனை.

"என்ன கிழவி, அன்னம் கடிச்சிருச்சா?" என்றான் அவள் கணவன் எஃப்ராயின், கதவைப் பிடித்து மூச்சு வாங்கிக்கொண்டே.

"வாயை மூடு குண்டா. முதல்ல உட்காரு."

குண்டன் என்று அழைக்க அவனிடம் இப்போது ஒன்றும் மிச்சமில்லை. குடலில் அறுவை சிகிச்சை, ஐந்து வாரம் மருத்துவமனை, பதினெட்டுக் கிலோ போய்விட்டது. புவெப்லா ஊர்ச் சந்தையில் உட்கார்ந்த இருப்பில் இரண்டு செமிதா ரொட்டியை உள்ளே தள்ளிவிட்டு மூன்றாவதைப் பொட்டலம் கட்டச் சொன்ன மனிதன், இப்போது ஸ்பூனைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். "கடற்காத்துல பசி எடுக்கும், கூட்டிட்டுப் போங்க" என்றார் டாக்டர். பிறகு அவளை மட்டும் நடைவழிக்கு அழைத்து, "ஒரு வாரத்துல சாப்பிட ஆரம்பிக்கலைன்னா மறுபடி குழாய் வழியாத்தான் சாப்பாடு. இந்தத் தடவை உடம்பு தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். அவன் சாப்பிட வேண்டும். அவளுக்கு வேறு எந்த வேண்டுதலும் இல்லை.

அவன் கேட்டது வெராக்ரூஸில் அவர்கள் வழக்கமாகப் போகும் பழைய விடுதியைத்தான். கடகடக்கும் மின்விசிறி, வாசலில் மரக்கட்டைகளைத் தட்டி மரிம்பா வாசிக்கிறவர்கள், குளியலறையில் கரப்பான். அந்தக் கரப்பானை நினைத்தாலே நொஹெமிக்கு உடம்பு கூசும். எங்கே போனாலும் சொந்தப் படுக்கைவிரிப்பைக் கொண்டுபோகிறவள் அவள். மருத்துவமனை நாற்காலியில் உட்கார்ந்து மூன்று வாரம் போனில் படங்களாகப் பார்த்துத் தள்ளி, கடைசியில் இந்த விடுதியைப் பிடித்தாள். சுண்ணாம்பு வெள்ளைச் சுவர்கள், வெள்ளைத் திரைகள், வெள்ளைத் தட்டுகள். எந்தப் படத்திலும் ஒரு மனித முகம் இல்லை என்பதே அவளுக்குப் பிடித்திருந்தது. தங்கியவர்கள் எழுதிய குறிப்புகளில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது: இங்கே விருந்தினர்கள் மிகவும் மரியாதையானவர்கள்.

ஜன்னலைத் திறந்தாள். படத்தில் பச்சையாக இருந்த கடல், கரையோரம் முழுக்கப் பழுப்பாகக் கிடந்தது. கடற்பாசி முழங்கால் உயரத்துக்குக் குவிந்து அழுகிக்கொண்டிருந்தது. அழுகிய முட்டை வாடை உள்ளே வந்தது. ஆனால் அன்னத்தின் கழுத்தில் இருந்த வாடை வேறு. ஜன்னலைச் சாத்திய பிறகும் அது அறைக்குள்ளேயே இருந்தது.

மதியச் சாப்பாட்டுக்குக் கீழே இறங்கினார்கள். கூடத்தில் இவர்களைத் தவிர ஒரே ஒரு மேசையில்தான் ஆள் இருந்தது. வெள்ளைப் பருத்தி உடுப்பில் ஒரு கிழவர், அவர் மனைவி, நாற்பது வயதிருக்கும் மகன். மூவர் கையிலும் கத்தியும் முள்கரண்டியும் தயாராக இருந்தன. கணவனை உட்கார வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில், பழக்க தோஷத்தில், நொஹெமி அவர்களைப் பார்த்து, "நல்லா சாப்பிடுங்க" என்றாள். சாப்பிடுகிறவரைக் கடந்து போனால் முன்பின் தெரியாதவராயிருந்தாலும் இதைச் சொல்லாமல் போவது அவர்கள் ஊரில் நடக்காத காரியம். மூன்று வயதில் அம்மா தொடையில் கிள்ளிக் கிள்ளிச் சொல்லிக்கொடுத்தது.

சொன்ன பிறகுதான் பார்த்தாள். மூன்று தட்டுகளும் காலியாக இருந்தன.

கிழவரின் முகம் மலர்ந்தது. "ரொம்ப நன்றிம்மா. யாராவது ஒரு வார்த்தை சொல்லாம நாங்க கை நனைக்கிறதில்லை" என்றார். மூன்று பேரும் அவளைத் தாண்டி, சூப்பின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த எஃப்ராயினைப் பார்த்தார்கள். கிழவரின் மனைவிக்கு உதட்டோரம் நனைந்திருந்தது.

அன்று எஃப்ராயின் இரண்டு ஸ்பூன் சூப்பு குடித்தான். மூன்றாவதைத் துப்பினான்.

இரவு முழுக்க அவன் அசையாமல் தூங்கினான். அவள் எழுந்தபோது வெயில் சுளீரென்று சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியில் இருந்த அன்னம் மறுபடி கட்டிலில், அவன் கால்மாட்டில் இருந்தது. அவன் முகத்தில் சுத்தமாக ரத்தமில்லை.

"வலிக்குதா குண்டா?"

"வலியே இல்ல. லேசா இருக்கு" என்று சிரித்தான். "கொஞ்சம் பசிக்கிற மாதிரிகூட இருக்கு."

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. நீ படுத்திரு, நானே கொண்டுவருகிறேன் என்று கூடத்துக்கு ஓடினாள். பப்பாளி, சூடான ரொட்டி, பால் காபி. தட்டோடு திரும்பும்போது அந்த மேசையைக் கடந்தாள். இன்று தட்டுகள் நிறைந்திருந்தன. சாம்பல் கலந்த இளஞ்சிவப்பில் மெல்லிய துண்டுகள், ஓரத்தில் மஞ்சள் கொழுப்பு, அடியில் தேங்கிய தெளிந்த நீர். மூவரும் அவசரமில்லாமல் மென்றார்கள். ஈரமான சத்தம். கிழவி பல்லிடுக்கில் நகத்தை விட்டு எதையோ இழுத்தாள். மெல்லிய நீல நூல் ஒன்று நீளமாக வந்தது. அதைத் தட்டின் ஓரத்தில் நேர்த்தியாக வைத்தாள்.

"கொஞ்சம் எடுத்துக்கிறீங்களாம்மா?" என்றார் கிழவர்.

"இல்லைங்க. நல்லா சாப்பிடுங்க."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. நான்கு படி ஏறிய பிறகுதான் அந்த நீலம் அவளுக்கு உறைத்தது.

எஃப்ராயினின் வயிற்றில் இருந்தது நீல நைலான் தையல். பத்தொன்பது முடிச்சு. தினமும் கட்டு மாற்றுகிறவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பப்பாளித் தட்டை ஜன்னல் மேடையில் வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தாள். துணி சுத்தமாக இருந்தது. சீழ் இல்லை, ரத்தம் இல்லை. தொப்புளுக்குக் கீழே ஆறு முடிச்சைக் காணோம். தையல் இருந்த இடத்தில் தோல் உள்வாங்கிக் கிடந்தது. விரலால் தொட்டாள். தோலுக்கு அடியில் ஒன்றுமே இல்லை. அந்தக் குழியிலிருந்து எலுமிச்சை சோப்பு மணந்தது.

குளியலறைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். வெராக்ரூஸ் கரப்பானின் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது. நான்தான் பிடிவாதம் பிடித்தேன், நான்தான் இந்த இழவு வெள்ளையைத் தேடித் தேடிப் பிடித்தேன் என்று தன்னையே திட்டிக்கொண்டு வாயைக் கழுவினாள்.

"நாம கிளம்பறோம். நான் டாக்ஸி பிடிக்கிறேன். கதவை உள்ளே பூட்டிக்கோ. நான் கூப்பிட்டாத்தான் திறக்கணும்."

"பசிக்குது கிழவி" என்றான் அவன்.

"அந்தப் பப்பாளியைச் சாப்பிடு. இதோ வந்துடறேன்."

வரவேற்பு மேசையில் யாதிரா என்ற பெண் நகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த மூணு பேர் யாரு?" என்றாள் நொஹெமி.

"எந்த மூணு பேர் மேடம்?"

"சாப்பாட்டுக் கூடத்துல. வெள்ளை உடுப்பு."

"ஓ, அவங்களா. ரொம்ப வருஷமா தங்கியிருக்காங்க." யாதிரா நகத்தை ஊதினாள். "தொந்தரவே தர மாட்டாங்க. யாராவது சொன்னாத்தான் சாப்பிடவே ஆரம்பிப்பாங்க, அவ்வளவு மரியாதை. நாங்க யாரும் சொல்றதில்லை."

"ஏன்?"

யாதிரா நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் பரிதாபமாகத்தான் பார்த்தாள். "நீங்க சொல்லிட்டீங்களா?"

நொஹெமி திரும்பி ஓடினாள். கூடத்து மேசை காலியாக இருந்தது. நாற்காலிகள் ஒழுங்காக உள்ளே தள்ளப்பட்டிருந்தன. தட்டுகள் இல்லை. கத்திகளும் இல்லை.

படிகள். நடைவழியில் காலை வெயில். வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, கண் கூசியது. கடற்பாசி வாடை இங்கே இல்லை. மற்ற வாடைதான் இருந்தது.

கதவு பூட்டப்படவில்லை.

திரைகள் இழுத்து மூடியிருந்தன. முதலில் சத்தம்தான் கேட்டது. ஈரமான சத்தம். அவசரமில்லாத சத்தம். பிறகு கட்டிலைச் சுற்றி மூன்று நாற்காலிகள். மூன்று வெள்ளை முதுகுகள். முழங்கை கட்டிலில் படாமல், வாயை மூடி, அழகாக மென்றுகொண்டிருந்தார்கள். அன்னத்தைப் பிரித்து அந்தத் துவாலையில்தான் வாயைத் துடைத்தார்கள்.

கிழவர் திரும்பினார். தட்டு காலி. முள்கரண்டியைக் காத்திருக்கிறவர் போலப் பிடித்திருந்தார்.

"கொஞ்சம் எடுத்துக்கிறீங்களாம்மா?"

நொஹெமி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சொல்லக் கூடாது. சொல்லாவிட்டால் இனித் தொட மாட்டார்கள். பல்லைக் கடித்தாள். நாக்கில் ரத்தம் கரித்தது. கிழவர் காத்திருந்தார். கிழவி காத்திருந்தாள். மகன் மரியாதையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

சத்தம் நிற்கவில்லை.

மூவரின் வாயும் அசையவில்லை. ஆனாலும் யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

தலையணையில் சாய்ந்து எஃப்ராயின் உட்கார்ந்திருந்தான். மார்புக்குக் கீழே விரிப்பு தட்டையாகக் கிடந்தது. மடியிருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தட்டு. சாம்பல் கலந்த இளஞ்சிவப்புத் துண்டுகள். ஐந்து வாரமாக ஒட்டிக் கிடந்த கன்னங்கள் இரண்டும் உப்பியிருந்தன. அந்தச் சந்தையில் உட்கார்ந்து சாப்பிடுவானே, அதே ரசிப்பு. ஜன்னல் மேடையில் பப்பாளியை யாரும் தொடவில்லை.

அவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. வாய் நிறைய வைத்துக்கொண்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தினான்.

"கொஞ்சம் எடுத்துக்கிறியா, கிழவி?"

அவன் சாப்பிடுகிறான். அவள் மூளை முதலில் அதைத்தான் நினைத்தது. அதற்குள் விரலிடுக்கு வழியாக அந்த வார்த்தை வெளியே போய்விட்டது.

"நல்லா சாப்பிடு."

"நன்றி" என்றன நான்கு குரல்களும்.

முள்கரண்டிகள் அவன் மார்பில் இறங்கின. எஃப்ராயின் மென்றுகொண்டே, பல்லிடுக்கிலிருந்து ஒரு நீல நூலை மெதுவாக உருவி, தட்டின் ஓரத்தில் நேர்த்தியாக வைத்தான்.