நிகருரு ஒத்துக்கொண்டது

இதழினி அந்த வாரமும் அம்மாவை மன்னித்துவிட்டு வெளியே வந்தாள். வாரம் தவறாமல் மன்னிக்கிறாள். ஒத்திகையறைக் கதவைச் சாத்திவிட்டு, "இன்னிக்கு அம்மா அழுதே போட்டாங்க மேடம்" என்று பிரிசில்லாவிடம் திருப்தியாகச் சொன்னாள்.

அழுதது அம்மா இல்லை, அம்மாவின் நிகருரு. ஈரோட்டுக் குடும்பநல மையத்துக்கு வருகிற எவரும் முதல் நாளில் இயந்திரத்தின் முன் உட்கார்ந்து தன் கதை, கோபம், குறை எல்லாவற்றையும் சொல்லவேண்டும். அதே முகம், அதே குரலோடு ஓர் உருவை அது திரையில் செய்து நிறுத்திவிடும். வீட்டில் பேசமுடியாததைப் பிள்ளைகள் முதலில் அந்த நிகருருவிடம் பேசிப் பழகிக்கொள்ளலாம். பழகியபின் நிஜ அம்மாவிடம் போய்ப் பேசவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. ஒத்திகை பார்த்தவர்கள் மேடை ஏறவேண்டும் அல்லவா? ஒருவரும் ஏறவில்லை. நிகருரு பொறுமையாகக் கேட்டது, தப்பை ஒத்துக்கொண்டது, சமயம் பார்த்து அழுதது. நிஜ அம்மா இதில் எதையும் உருப்படியாகச் செய்வதில்லை.

அம்மா தன்ஷிகாவும் வேறொரு நாளில் வந்து, மகளின் நிகருருவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போவாள். அது "பரவால்லம்மா" என்று சொல்லும். அவளுக்கும் பாரம் இறங்கிவிடும். பிறகு இருவரும் வீட்டுக்குப் போய் ஆளுக்கொரு அறையில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார்கள். அப்பா வீட்டைவிட்டுப் போன கையோடு, இதழினி பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில், பூரி என்கிற நாயை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். அன்றைக்கு நின்ற பேச்சு, ஆறு மாதமாகியும் தொடங்கவில்லை.

பிரிசில்லா இந்த இயந்திரம் வருவதற்கு முன்பே உளநல ஆலோசகர். அவளுடைய வைத்தியம் ரொம்பச் சாதாரணம். குடும்பத்தை ஒரே அறையில் உட்காரவைப்பாள். சண்டை போட்டால் போடட்டும் என்று விடுவாள். பேசாத பிள்ளை வந்தால் அவளும் வாயைத் திறக்காமல் தாயம் ஆடுவாள். மூன்றாவது ஆட்டத்தில் யாராவது ஏமாற்றுவார்கள், அங்கிருந்து பேச்சு பிறக்கும். இதெல்லாம் மெத்தனமான முறை என்று இயக்குநர் தருண் தாயக்கட்டையை அலமாரிக்குள் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார்.

அந்தத் தருண்தான் இதழினி போனதும் உள்ளே வந்தார்.

"மேடம், இவங்க கேஸ் முடிஞ்சுதுங்க. ரெண்டு நிகருருவையும் ஒண்ணோட ஒண்ணு பேசவிட்டோம். கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள சமாதானம் ஆயிடுச்சு. ஜூன்ல பொண்ணு கோத்தகிரி ஹாஸ்டலுக்குப் போகுது. நிகருரு ஒத்துக்கிட்டாச் சட்டப்படி செல்லுபடிங்க. உங்க சம்மதம் ஒண்ணுதான் பாக்கி."

"அந்தப் பிள்ளைகிட்ட கேட்டீங்களா?"

"அதான் அந்தப் பொண்ணோட நிகருரு ஒத்துக்கிச்சே! அம்மாவோடதும் ஒத்துக்கிச்சு."

"அப்ப ரெண்டு பேத்துக்கும் இன்னும் தெரியாது. தெரியாத பிள்ளையை ஊரு கடத்தறதுக்கு எஞ்சம்மதம் கெடைக்காதுங்க."

தருண் சிரித்தார். "நாளைக்குள்ள சொல்லுங்க மேடம். இல்லீன்னா உங்க நிகருருகிட்ட கேட்டுக்கறேன்." பயிற்சிக்கு என்று ஊழியர்களுக்கும் நிகருரு செய்துவைத்திருந்தார்கள். அவர் விளையாட்டாகச் சொன்னாரா என்று பிரிசில்லாவுக்கு விளங்கவில்லை. ஆனால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அம்மாவையும் மகளையும் ஒரே நேரத்துக்கு வரச்சொன்னாள். ஒருத்திக்கு முன்வாசல், இன்னொருத்திக்குப் பின்வாசல். அடுத்தடுத்த இரண்டு ஒத்திகையறைகளில் உட்காரவைத்து, நடுவிலிருந்த இயந்திரத்தை விலக்கி, ஒவ்வோர் அறையின் கேமராவையும் மற்ற அறையின் திரையோடு நேராக இணைத்துவிட்டாள். செய்தது நியாயமா என்று கேட்டால், இல்லை. ஆனால் இரண்டு பொம்மைகள் பேசி ஒரு பெண்ணை மலையேற்றுவதைவிட இது எவ்வளவோ மேல் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பூரியை ஏம்மா குடுத்த?" என்று இதழினி வழக்கம்போல ஆரம்பித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

தன்ஷிகா திடுக்கிட்டாள். "அது முடிஞ்ச கதைதானே? மறுபடி எதுக்கு அதையே நோண்டற?"

"சாரி சொல்லு."

"எத்தன தடவடி சொல்றது? நீ ஒருநா அதைக் குளிப்பாட்டியிருப்பியா? சோறு வெச்சிருப்பியா?"

இரண்டு அறைகளிலிருந்தும் அழைப்புமணி ஒரே சமயத்தில் அடித்தது.

"மேடம், இது ரிப்பேருங்க! கத்துது!"

"மேடம், இந்தப் புள்ள சரியில்லீங்க. என்ற புள்ள இப்புடிப் பேச மாட்டா. பழசையே போட்டுடுங்க."

பிரிசில்லா இரண்டு அறைகளுக்கும் நடுவிலிருந்த கதவைத் திறந்தாள். "ரெண்டுமே ரிப்பேர் இல்லீங்க. ஏமாத்தினது நாந்தான். திட்டறதுன்னா அப்பறமா என்னையத் திட்டுங்க. இப்ப ஒருத்தரையொருத்தர் பாத்துப் பேசுங்க."

இதழினிக்கு முகம் வெளுத்து, பிறகு சிவந்தது. "எங்கிட்டச் சொல்லாம நாயைக் குடுத்த. அடுத்து என்னையக் குடுப்பியா?"

"நாங் குடுக்கலடி!" தன்ஷிகா கத்தினாள். கத்திய பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. குரல் இறங்கிப்போயிற்று. "கேட்டைச் சாத்த மறந்துட்டேன். உங்கப்பா போனப்பறம் எனக்கு எதுவுமே நெனப்புல நிக்கல. பூரி ஓடிப்போச்சு. வாய்க்கா மேடு பூரா தேடுனேன். குடுத்துட்டேன்னு சொன்னா கோவப்படுவே, அதைத் தாங்கிக்கலாம். தொலைச்சுட்டேன்னு எந்த வாயால சொல்றது?"

இதை அவள் இயந்திரத்திடம்கூடச் சொன்னதில்லை. சொல்லாததை அது எப்படி அறியும்? செய்யாத குற்றத்துக்கு நிகருரு அம்மா வாராவாரம் அழுதிருக்கிறது, இதழினியும் வாராவாரம் மன்னித்திருக்கிறாள்.

"ஆறு மாசமாப் பொய்யா சொன்ன?" என்று இதழினி பையைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். உருகி ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவெல்லாம் இல்லை. கொஞ்ச நேரம் விசும்பிவிட்டு, "எந்தப் பக்கம் ஓடுச்சு?" என்றாள்.

அப்போதுதான் பிரிசில்லா கோத்தகிரி உடன்பாட்டைச் சொன்னாள்.

"எந்த ஹாஸ்டல்?" என்று இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "யாருங்க ஒத்துக்கிட்டது?" என்றாள் தன்ஷிகா. பதிலுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை. வாய்க்கால் மேட்டுக்குப் போவதா, சந்தைப் பக்கம் போவதா என்று சண்டை போட்டுக்கொண்டே படியிறங்கிப் போனார்கள்.

மணிச் சத்தம் கேட்டு வந்திருந்த தருண் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியிலிருந்த மூன்றாவது ஒத்திகையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சற்றைக்கெல்லாம் முகம் தெளிந்து வெளியே வந்தார்.

"உங்க நிகருருகிட்டப் பேசியாச்சுங்க மேடம். தப்பு உங்க மேலதான்னு ஒத்துக்கிட்டீங்க. ராஜினாமாவும் பண்ணிட்டீங்க. ரொம்பப் பெருந்தன்மையாப் பேசுனீங்க. சட்டப்படி இன்னியோட நீங்க..."

பிரிசில்லா வாய்விட்டுச் சிரித்தாள்.

"ராஜினாமா பண்ணினவளைத் தாராளமா அனுப்பிவையுங்க, நாந் தடுக்கல. எனக்கு அடுத்த குடும்பம் வெளியில காத்துட்டிருக்குது. ஹாஸ்டலுக்கும் எஞ்சம்மதம் இல்லீங்க. என்னைய அனுப்பறதுன்னா என்ற மூஞ்சியைப் பாத்து, உங்க வாயால சொல்லுங்க. நான் அழுவேன், கத்துவேன், ஒத்துக்கவும் மாட்டேன். அதுக்குத் தயாருன்னா சொல்லுங்க."

அதற்கும் ஒத்திகை பார்க்கத் தருண் மெல்ல மூன்றாவது அறைப் பக்கம் திரும்பினார்.

"அங்க வேண்டாங்க. இங்க உக்காருங்க" என்று பிரிசில்லா அவருக்கொரு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, தாயக்கட்டையை எடுக்க, பூட்டிக்கிடந்த அலமாரியைத் திறந்தாள்.