நான்கு விரல் முடிக்காரர்

செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு இடைவேளை முடியப்போகும் நேரத்தில், யூனிஸ் ஒரு மனிதரின் விரலை எடுத்துவிட்டாள். கத்தி எதுவும் தேவைப்படவில்லை. வாயே போதுமானதாக இருந்தது.

அந்த மனிதர் முடிக்காரர். சேலையூரில் கேம்ப் ரோட்டை ஒட்டிய தெருக்களுக்கு இரண்டு வாரமாகத்தான் வருகிறார். சைக்கிளின் பின்னால் பெரிய சாக்கு. முன்னால் சின்ன ஸ்பீக்கர். சீப்பில் சிக்கும் முடி, தலை வாரும்போது உதிரும் முடி என்று சேர்த்து வைத்துக் கொடுத்தால், பதிலுக்கு ஒரு கிண்ணமோ டீ வடிகட்டியோ தருவார். அந்த முடி சவுரி செய்கிற இடத்துக்குப் போகுமாம்.

"தலைமுடி... உதிர்ந்த முடி... சிக்கு முடி இருந்தா குடுங்கம்மா..." என்று ஸ்பீக்கர் இழுத்து இழுத்துச் சொல்லும். பேட்டரி தீரப்போகும் நேரத்தில் அந்தக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். அந்த பேட்டரி எப்போதுமே தீரப்போகும் நேரத்தில்தான் இருந்தது.

போன சனிக்கிழமை, சாக்கின் வாயிலிருந்து நீளமான ஒரு பின்னல் வெளியே தொங்கியதை மிருதுளா பார்த்தாள். நுனியில் சிவப்பு ரிப்பன் வேறு.

"பின்னல் இருந்தா தலை இருக்கும். தலை இருந்தா ஆள் இருக்கும்," என்றாள் மிருதுளா, திங்கட்கிழமை வகுப்பில். கணக்கில் எப்போதும் நூறு வாங்குகிறவள். அதனால் ஐந்தாம் வகுப்பு பி பிரிவில் யாரும் மறுத்துப் பேசவில்லை. முடிக்காரர் அன்றே பிள்ளை பிடிக்கிறவர் ஆகிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம் ஆளாளுக்குத் தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள்.

"சாக்கு அசைஞ்சுச்சு. நான் பார்த்தேன்," என்றான் ஐசக்.

"உள்ளேர்ந்து தும்மல் சத்தம் கேட்டுச்சு. ரெண்டு தடவை," என்றாள் ஆஷா.

"யூனிஸ், நீ என்ன பார்த்த? உங்க தெருவுக்குத்தானே வர்றான்?" என்று கேட்டான் ஐசக்.

யூனிஸும் பார்த்திருந்தாள். தெருமுனைக் குழாயில் அவர் கையைக் குவித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான். இரண்டு தும்மலுக்கு அப்புறம் போய் இதைச் சொல்ல முடியுமா?

"அவருக்கு..." என்றாள். "அவருக்கு ஒரு விரல் இல்ல."

எலுமிச்சை சாதம் எல்லோர் கையிலும் அப்படியே நின்றது.

"ஐயோ! எந்தக் கை?" என்றாள் மிருதுளா.

யூனிஸ் வாயைத் திறப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

சாயங்காலம் பள்ளி வேனில் ஒரு இரண்டாம் வகுப்புப் பையன் அழுதுகொண்டிருந்தான். "நாலு விரல்காரன் வருவான்... நாலு விரல்காரன் வருவான்..."

"யாருடா சொன்னது?" என்று கேட்டாள் யூனிஸ்.

"எல்லாரும்தான் சொன்னாங்க! சாக்குல இருந்த பாப்பா கடிச்சு விரலைத் துப்பிடுச்சாம்!"

அவளுடைய விரலுக்கு இன்னும் மூன்று மணி நேரம்கூட வயதாகவில்லை. அதற்குள் அதற்கு ஒரு கதை முளைத்துவிட்டது.

வீட்டில் தம்பி காலேப் இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவனுக்கு ஆறு வயது. முறுக்கை மூடிய இரண்டு முட்டிகளுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"கையைத் திறடா, சாப்பிடு."

"மாட்டேன். விரலைக் காட்டினா எடுத்துட்டுப் போயிடுவான்."

அப்போது அம்மா அமலராணி ஆபீசிலிருந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் செல்போனைக் காதருகே பிடித்துக்கொண்டிருந்தார். குடியிருப்புச் சங்க வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் யக்ஞநாராயணன் அங்கிள் அனுப்பிய குரல் பதிவு வீடு முழுவதும் கேட்டது.

"எல்லாரும் கவனிக்கணும். முடி வாங்க வர்ற ஆளுக்கு ஒரு விரல் கிடையாது. இது யாரோ சொன்னது இல்ல. நானே என் கண்ணால பார்த்தேன். சனிக்கிழமை வரட்டும். கேட்டைப் பூட்டிட்டு, நாமளே பிடிச்சுப் போலீஸ்ல குடுத்துடலாம்."

கீழே வரிசையாகக் கட்டைவிரல் படங்கள். மூன்றாம் மாடியில் இருக்கும் கல்லூரி மாணவர் எபி அண்ணா மட்டும் கிரிக்கெட் மட்டைப் படம் போட்டிருந்தார்.

அந்த மட்டையை யூனிஸ் இரண்டு தடவை பார்த்தாள். எபி அண்ணா கிரிக்கெட் ஆடுகிறவர் இல்லை.

"அம்மா," என்றாள் மெதுவாக. "அந்த விரல்... நான் சும்மா சொன்னதும்மா. ஸ்கூல்ல. மதியானம்."

"நீ சொன்னா என்னடி? நான்கூடப் பார்த்தேனே!" என்றார் அம்மா. "போன வாரம் வடிகட்டி வாங்கினேன்ல? அப்போ நீட்டின கை என்னமோ மாதிரி இருந்துச்சு. அப்போ தோணல. இப்போ நினைச்சா நல்லா ஞாபகம் வருது."

அம்மா பொய் சொல்கிறவர் இல்லை. யூனிஸைப் பயமுறுத்தியது அதுதான்.

அன்று சாயங்கால ஜெபத்தில் வழக்கம்போல் கண்ணை மூடினாள். தெருமுனைக் குழாய் தெரிந்தது. முடிக்காரர் தெரிந்தார். தண்ணீருக்காகக் குவிந்த கை தெரிந்தது.

கையில் நான்கு விரல்கள்தான் இருந்தன.

யூனிஸ் சட்டென்று கண்ணைத் திறந்தாள். மறுபடி மூடினாள். மறுபடியும் நான்கு. அந்தப் பொய்யைச் சொன்னதே அவள்தான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவள் ஞாபகத்துக்கு அது தெரியவில்லை. விரல் இல்லாத இடத்தின் வழியாகத் தண்ணீர் ஒழுகுவதைக்கூட அது காட்டியது.

'ஒருவேளை நிஜமாவே நாலுதானோ? அதைப் பார்த்துட்டுத்தான் நான் சொன்னேனோ?'

"ஆமென்!" என்றாள் உரக்க. ஜெபம் இன்னும் பாதிகூட முடியவில்லை.

அடுத்த மூன்று நாட்கள் தெருவில் ஒரு பந்துகூட உருளவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கே ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. காலேப் கதவைத் திறந்துவைத்துக்கொண்டுதான் குளித்தான். குளிக்கும்போதும் முட்டியைத் திறக்கவில்லை. எங்காவது ஒரு ஸ்பீக்கர் கரகரத்தால் போதும், கீரை விற்கிறவராக இருந்தாலும் குழந்தைகள் உள்ளே ஓடினார்கள்.

யூனிஸுக்கு முடிக்காரரைப் பற்றிய பயம் ஒரு பக்கம். அந்த மட்டையைப் பற்றிய பயம் இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் பெரிதாகிக்கொண்டே வந்தது. சனிக்கிழமை அவர் வராமல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தெருக்கோடியில் கிணற்றுக்குரல் கேட்டது.

"தலைமுடி... உதிர்ந்த முடி..."

அப்பா மறைமலை நகருக்குக் காலை ஷிப்ட் போயிருந்தார். அம்மா காலேப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போனார். யூனிஸ் பின்னாலேயே ஓடினாள்.

மாடியிலிருந்து யாரோ, "இங்க வாங்க, நிறைய முடி இருக்கு," என்று கூப்பிட்டார்கள். முடிக்காரர் சிரித்த முகத்தோடு சைக்கிளை உள்ளே தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் கேட் மூடியது. பூட்டு விழுந்த சத்தத்தில் அவர் சிரிப்பு நின்றது.

"அசையாத! கையைப் பின்னாடி கட்டு! சுவரோட நில்லு!" என்று கத்தினார் எபி அண்ணா. நிறைய போலீஸ் படம் பார்த்த அனுபவம் அவருக்கு.

முடிக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். "இன்னா சார்? இன்னா ஆச்சு சார்? நான் பெரும்பாக்கத்துலேர்ந்து வர்றேன் சார். முடி வாங்குறவன் சார்..."

"அதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லு," என்றார் யக்ஞநாராயணன் அங்கிள். "விரல் எங்க போச்சு?"

"இன்னா விரலு சார்?"

"தெரியாத மாதிரி கேக்குறான் பாரு!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எபி அண்ணாவின் மட்டை தோளுக்கு மேல் உயர்ந்தது.

யூனிஸ் கூட்டத்துக்குள் புகுந்தாள். எல்லோர் நடுவிலும் போய் நின்று, தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள்.

"அந்த விரலை எடுத்தது நான்தான்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மட்டை அந்தரத்தில் நின்றது.

"கத்தியால இல்ல," என்று அவசரமாகச் சொன்னாள். "வாயால. எல்லாரும் ஏதோ சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. அதனால விரல் இல்லன்னு அடிச்சுவிட்டேன்."

யக்ஞநாராயணன் அங்கிள் அன்பாகச் சிரித்தார். "குழந்தை பயந்துபோயிருக்கா. யூனிஸ், நீ சொன்னதை நாங்க யாரும் கேட்கலைம்மா. நாங்க பார்த்திருக்கோம். நான் பார்த்தேன். உங்கம்மா பார்த்திருக்கா. எபி பார்த்திருக்கான். இத்தனை பேருமா பொய் சொல்லுவோம்?"

அதுதான் பிரச்சினை. யாருமே பொய் சொல்லவில்லை. அவளுக்கே கண்ணை மூடினால் நான்குதான் தெரிகிறது.

முடிக்காரரின் கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன. 'நிஜமாவே நாலு இருந்துட்டா?' என்று நினைத்தாள் யூனிஸ். ஒன்று மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. எந்தக் கை என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவள் விட்ட அந்த இடத்தை ஒவ்வொருவரும் தாங்களாகத்தான் நிரப்பியிருக்க வேண்டும்.

"அப்போ எழுதிக் குடுங்க," என்றாள்.

"என்னது?"

"போலீஸ் வந்தா எந்தக் கை, எந்த விரல்னு கேட்பாங்கல்ல அங்கிள்? பார்த்தவங்க எல்லாரும் எழுதிக் குடுங்க. பக்கத்துல பேசக் கூடாது. எட்டிப் பார்க்கக் கூடாது."

போலீஸ் கேட்கும் என்றதும் யக்ஞநாராயணன் அங்கிள் நிமிர்ந்து நின்றார். "நல்ல யோசனை. ரெகார்டு வேணும்."

யூனிஸ் ஓடிப்போய் ரஃப் நோட்டையும் பென்சில் டப்பாவையும் கொண்டுவந்தாள். தாள்களைக் கிழித்துக் கொடுத்தாள். பெரியவர்கள் ஆளுக்கு ஒரு மூலையில் நின்று, சுவரிலும் கார் மேலும் தாளை வைத்து எழுதினார்கள். எபி அண்ணா மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு அம்மாவின் தாளை எட்டிப் பார்த்தார்.

"எபி அண்ணா! காப்பி அடிக்கக் கூடாது!"

"சும்மா ஸ்பெல்லிங் பார்த்தேன்," என்றார் எபி அண்ணா.

யூனிஸ் தாள்களை வாங்கினாள். ஒவ்வொன்றாகப் படித்தாள்.

"யக்ஞநாராயணன் அங்கிள்: வலது கை, கட்டைவிரல். நாகலக்ஷ்மி ஆன்ட்டி: இடது கை, சுண்டுவிரல். எபி அண்ணா: வலது கை, நடுவிரல், பாதி மட்டும். அம்மா: இடது கை, ஆள்காட்டி விரல். ஞானம்மாள் ஆன்ட்டி: ரெண்டு கையிலும் சுண்டுவிரல். காலேப் சொல்லி அம்மா எழுதியது: கால்."



"நான் பார்த்தது நிச்சயம்டி," என்றார் அம்மா. ஆனால் குரலில் பாதிதான் வெளியே வந்தது. யக்ஞநாராயணன் அங்கிள் தன் கட்டைவிரலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யூனிஸ் முடிக்காரரிடம் போனாள். இவ்வளவு பக்கத்தில் அவரைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் கன்னத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"கையைக் காட்டுங்கண்ணா," என்றாள். அப்புறம் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியதும் நான்கு விரல்கள் தெரிந்தன. சட்டென்று திறந்தாள்.

அவள் முகத்துக்கு முன்னால் இரண்டு கைகள் விரிந்திருந்தன. காப்புக் காய்த்த, அழுக்கு நகத்தோடு கூடிய விரல்கள். அவள் எண்ணினாள். எல்லோரும் சத்தம் இல்லாமல் உதட்டை அசைத்து எண்ணினார்கள். முடிக்காரரும் சேர்ந்து எண்ணினார்.

பத்து.

"பத்தும் கீது!" என்று முடிக்காரர் பெருமூச்சு விட்டார். "நீங்க அத்தினி பேரும் சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சும்மா. எங்கனா விட்டுட்டு வந்துட்டேனோன்னு."

எபி அண்ணா மட்டையை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

யாரும் கேட்காமலேயே முடிக்காரர் சாக்கைப் பிரித்துக் காட்டினார். உள்ளே முடி, முடி, இன்னும் முடி. நடுவில் அந்த நீளப் பின்னல். "இது தாம்பரத்துல ஒரு பார்லர்ல குடுத்தாங்க. ஒரு பொண்ணு மொத்தமா வெட்டிக்கிச்சாம். ரிப்பன் அழகா கீதேன்னு அப்டியே வுட்டுட்டேன்."

காலேப் அம்மாவின் இடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தான். அவருடைய பத்து விரல்களையும் ஒரு தடவை பார்த்தான். பிறகு நான்கு நாளாக மூடியிருந்த முட்டிகளைத் திறந்தான். விரல் இடுக்கில் பழைய முறுக்குத் தூள் இருந்தது.

"சாரிண்ணா," என்றாள் யூனிஸ். அழுகை வந்துவிட்டது. "நான்தான் முதல்ல சொன்னேன்."

முடிக்காரர், நாகலக்ஷ்மி ஆன்ட்டி கொண்டுவந்த தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

"ரொம்ப பயந்துட்டேன் பாப்பா," என்றார். "எடுத்ததும் நீதான். ஆனா இத்தினி பேருக்கு நடுவுல வந்து திருப்பிக் குடுத்ததும் நீதான். போ, அழாத."

யக்ஞநாராயணன் அங்கிளே போய்ப் பூட்டைத் திறந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோப்பா," என்றார். அன்று அந்தக் குடியிருப்பில் முடிக்காரருக்கு ஒரு வருடத்துக்கான முடி கிடைத்தது.

திங்கட்கிழமை பள்ளியில் யூனிஸ் விரலின் முழுக் கதையையும் சொன்னாள். ஆஷா தன் தும்மலை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைத்துக்கொண்டாள். அதற்கு மேல் இறங்க மறுத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவில் மறுபடி பந்து உருண்டது. ஸ்பீக்கர் குரல் கேட்டும் யாரும் உள்ளே ஓடவில்லை. கேட்டருகே நின்றிருந்த யக்ஞநாராயணன் அங்கிள் நாகலக்ஷ்மி ஆன்ட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எனக்கு அப்பவே தெரியும், அவன் நல்ல மனுஷன்னு. முதல் நாளே சொன்னேனே! எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

பந்தை எடுக்க வந்த யூனிஸ் நின்றாள். பாவாடைப் பையிலிருந்து ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்து, மிகவும் மரியாதையாக நீட்டினாள்.

"எழுதிக் குடுக்கறீங்களா அங்கிள்?"

அங்கிள் தாளைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார். அணைக்க வேண்டிய தண்ணீர் மோட்டார் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அவருக்குத் திடீரென்று மிக நன்றாக ஞாபகம் வந்தது.