கூட யார் வந்திருக்காங்க?

செம்மண்பேட்டையில் காலையில் பல் துலக்கும்போதே கண்ணாடி உடம்பைப் படித்து ஒப்பித்துவிடும். "ஹீமோகுளோபின் ஏழு. கருப்பையில் நார்க்கட்டி, நாலு சென்டிமீட்டர். வைத்தியப்பொறியைப் பாருங்கள்." செவ்வாய்க் கிரகத்துக்காரர்களுக்கு இது வானிலை அறிக்கை மாதிரி.

தாட்சாயணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பார்க்காமலா இருக்கிறாள்? இன்றோடு நாலாவது தடவை! பிராணவாயு ஆலையில் அவள் மேற்பார்வையாளர். ஊருக்கே மூச்சு கொடுப்பவளுக்குப் பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. மாதத்தில் பன்னிரண்டு நாள் உதிரப்போக்கு. மாத்திரைக்கும் அடங்கவில்லை, ஊசிக்கும் அடங்கவில்லை.

வைத்தியப்பொறி அன்றும் தேனாகப் பேசியது. "பயப்படாதீங்கம்மா, இது புற்றுநோய் இல்லை. கருப்பைத் தசையில வளர்ற கட்டி. நிறையப் பேருக்கு இருக்கும், தொல்லை இல்லேன்னா விட்டுடலாம். உங்களுக்கு உள்பக்கமாத் துருத்திக்கிட்டிருக்கு, அதான் இவ்வளவு ரத்தம். கருப்பையை எடுக்க வேண்டாம். ஒலிக்கதிரைக் குவிச்சுக் கட்டியை மட்டும் சுட்டுடலாம். ஒரு மணி நேர வேலை."

"இப்பவே சுடு."

"கூட யார் வந்திருக்காங்க?"

ஆரம்பித்துவிட்டதய்யா! "யாரும் இல்லை."

"கணவர்?"

"விவாகரத்தாகி ஆறு வருஷம்."

"அப்பா, அண்ணன், தம்பி?"

"எல்லாரும் பூமியில."

"அவங்க வரட்டுமே. ஏழு மாசப் பயணம்தானே."

தாட்சாயணி வெளியே வந்து, பொறிகளைப் பராமரிக்கும் ஜெபமணியைத் தொலைபேசியில் பிடித்தாள். "என் உடம்புக்கு என் கையெழுத்து போதாதாடா? எவன் எழுதின விதி இது?"

"விதியே இல்லைக்கா. பூமியிலிருந்து வந்த எண்பது லட்சம் பழைய ஆஸ்பத்திரிக் குறிப்பைப் படிச்சு அதுவாக் கத்துக்கிட்டது. பக்கத்துல ஒரு ஆம்பளைக் குரல் 'சரி'ன்னாத்தான் அதுக்கு வேலை ஓடும். மாத்த ஒரு வருஷம் ஆகும். நான் வேணா வந்து நிக்கட்டுமா?"

"என் கருப்பைக்கு நீ யாருடா சரி சொல்ல?"

இணைப்பைத் துண்டித்தாள். தாழ்வாரத்தில் ஒரு பொறி தரை துடைத்துக்கொண்டிருந்தது. இடுப்பு உயரத் தகரம், கட்டைக் குரல். அதற்குத் தெரிந்த பேச்சே 'சரி', 'தள்ளி நில்லுங்க', அவ்வளவுதான். அதைத் தரதரவென்று உள்ளே இழுத்துவந்தாள்.

"இவர் என்கூட வந்தவர்."

வைத்தியப்பொறிக்கு ஒரே சந்தோஷம். அவளை விட்டுவிட்டுத் தகரத்தின் பக்கம் திரும்பியது. "வாங்க சார், உட்காருங்க. சிகிச்சை பண்ணிடலாங்களா?"

"சரி."

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. மயக்கம் தெளிந்த தாட்சாயணி, "கட்டி என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

வைத்தியப்பொறி தகரத்திடம் பதில் சொன்னது. "நல்லபடியா முடிஞ்சுது சார். கட்டி மெல்லச் சுருங்கிடும். இரும்புச்சத்து மாத்திரை மூணு மாசம் கொடுங்க. ஆனா ரெண்டு நாளைக்கு இவங்க அடுப்படிப் பக்கம் போகக் கூடாது. பாவம், சாப்பாட்டுக்கு நீங்கதான் கஷ்டப்படுவீங்க!"