கொலுவில் ஒரு கிணறு

களிமண் கிணற்றில் தண்ணீர் நின்றது.

லாவண்யா குனிந்து பார்த்தாள். கொலுவின் கடைசிப் படியில் இருந்த அந்தப் பொம்மைக் கிணறு காபி டம்ளர் அளவுதான். மகள் அஸ்வினி செய்து, அடியில் வெள்ளித்தாள் ஒட்டியிருந்தாள். காலையில் சரஸ்வதி பூஜைக்கு விளக்கேற்றியபோது உலர்ந்துதான் கிடந்தது. இப்போது விளிம்புவரை தண்ணீர். பாசியும் பழைய கல்லும் கலந்த ஒரு வாடை, ஊதுவத்தியையும் சுண்டல் தாளிப்பையும் மீறி மூக்கில் ஏறியது. மயிலாப்பூரில், மூன்றாவது மாடி வீட்டுக்குள் கிணற்று வாடை எங்கிருந்து வரும்?

"அச்சு, இதுல தண்ணி ஊத்துனியா?"

"இல்லம்மா." அறைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

ஊரெல்லாம் தசாவதாரம் வைத்துக்கொள்ளட்டும் என்று அஸ்வினி இந்த வருஷம் உலகத்து அறிவுத் தெய்வங்களையெல்லாம் படியேற்றியிருந்தாள். வீணையோடு சரஸ்வதி, ஒடிந்த தந்தத்தோடு பிள்ளையார், பறவைத் தலையோடு எகிப்துக்காரர், ஆந்தையோடு கிரேக்கத்து அம்மன். கடைசியில், கிணற்றருகே, வட ஐரோப்பாவின் ஒற்றைக்கண் தாத்தா. "ஞானக் கிணத்துல ஒரு வாய் தண்ணி குடிக்க, ஒரு கண்ணையே புடுங்கிப் போட்டவரு ஆன்ட்டி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள். அவர்கள் "ஐயோ" என்றபடியே இன்னொரு கரண்டி சுண்டல் கேட்பார்கள்.

இதைச் சொல்லும்போதாவது சிரிக்கிறாளே என்று லாவண்யாவுக்கு ஆறுதலாக இருந்தது. போன முறை நீட் முடிவு வந்த அன்று, குளியலறைக் கதவை உடைத்துத்தான் அவளை வெளியே தூக்கி வந்தார்கள். மயங்கிக் கிடந்தவளின் இமையைப் பிரித்து, இடது கண்ணின் வெள்ளையில் பிறவியிலேயே இருக்கும் அந்த எள்ளளவு மச்சத்தைப் பார்த்தபடி லாவண்யா அலறியது இன்னும் காதில் இருக்கிறது. இன்னொரு தோல்வியை இந்தப் பெண் தாங்க மாட்டாள்.

அதனால்தான் காலையில் அப்படி வேண்டிக்கொண்டாள். சரஸ்வதியின் காலடியைப் பழத்தட்டும் பொரித்தட்டும் அடைத்துக்கொண்டிருந்தன. இடமில்லாமல் உயிரியல் புத்தகத்தைக் கடைசிப் படியில் ஒற்றைக்கண் தாத்தா முன் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக் கண்ணை மூடினாள். எப்போதும் மொட்டை, பால்குடம் என்று நேர்ந்துகொள்வதைச் சரியாகச் சொல்லிவிடுகிறவள். இன்று எதையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. என்ன வேணும்னாலும் எடுத்துக்கோ, இவளுக்கு எல்லாம் தெரியணும் என்று மனதுக்குள் சொன்னாள். எதிரே யார் நிற்கிறார் என்று பார்க்கவில்லை.

கரண்ட் போனது. மின்விசிறி முனகி நின்றது. மாலை வெளிச்சம் சாம்பலாகிப் படிகளில் இறங்க, பொம்மைகளின் நிழல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கணவன் கடைப் பூஜை முடித்து டி. நகரிலிருந்து வர இன்னும் நேரமாகும்.

அப்போது அறைக்குள் யாரோ படிக்கும் சத்தம் கேட்டது.

பூஜையன்று யாரும் படிக்கக் கூடாது. புத்தகங்கள் எல்லாமே இதோ, குங்குமத்தோடு இங்கே இருக்கின்றன. உள்ளே அஸ்வினி மூச்சு விடாமல், ஏற்ற இறக்கமில்லாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பக்கம் பக்கமாக. படத்துக்குக் கீழே உள்ள வரிகளைக்கூட விடாமல்.

லாவண்யா புத்தகத்தைத் தொட்டாள். நனைந்திருந்தது.

"அச்சு? யாருடி உனக்கு புக் குடுத்தது?"

"புக் எதுக்கும்மா? எல்லாம் தெரியுது. நீ காலைல மனசுக்குள்ள என்ன கேட்டேன்னும் தெரியுது."

சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கதவைத் தள்ளினாள். கைபேசி வெளிச்சத்தை உள்ளே காட்டினாள்.

அஸ்வினி கட்டிலில் நேராக உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். விரலிடுக்கில் ஈரம். அது மணிக்கட்டுவரை வழிந்தது.

"வலிக்கலம்மா. நீதான் குடுத்துட்டியே."

பின்னால், கூடத்தில், தண்ணீரில் ஏதோ விழுந்தது.

திரும்பக் கூடாது.

திரும்பினாள். படியருகே போனாள். குனிந்தாள்.

கிணற்றில் அலை அடங்கிக்கொண்டிருந்தது. அடியில் வெள்ளித்தாள் தெரியவில்லை. வெள்ளையாக, உருண்டையாக ஒன்று மெல்ல மிதந்து மேலே வந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது. வெள்ளையில், எள்ளளவு மச்சம்.

அது திரும்பி அவளைப் பார்த்தது.

"அழாதம்மா" என்றாள் அஸ்வினி, அறைக்குள்ளிருந்தே. "பாத்துட்டுதான் இருக்கேன்."