சாம்பியாவிலிருந்து வந்த ஜோடி

1987 ஜூன், ஞாயிறு பிற்பகல் 3.10. கனடாவின் ரூஜ் பகுதியில், தில்லையம்பலத்தின் வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஊசி குத்திவைத்த இரண்டு ஆபிரிக்க வண்ணத்துப்பூச்சிகள் இருந்த அதில் இப்போது ஒன்றுதான் இருந்தது.

"தவமலர்தான் எடுத்தவள். பொலிசுக்குப் போன் அடிக்கப் போறன்," என்றார் அவர்.

வீட்டு வேலை செய்யும் தவமலர் குசினி வாசலில் நின்று அழுதாள். வியாழக்கிழமை அவளுடைய அகதி விசாரணை. திருட்டுப் பட்டத்தோடு போனால் அவள் கதை முடிந்தது. அதனால்தான் கோணேஸ்வரியைக் கூப்பிட்டிருந்தாள். திருகோணமலையில் விலங்கியல் படிப்பித்த கோணேஸ்வரி, இங்கே தொழிற்சாலையில் சட்டைக் கொலர் தைக்கிறாள்.

இந்த மனுசனைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். சாம்பியாவில் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர், விமானத்தில் வரும்போதே 'புரொபெசர்' ஆகிவிட்டார். சந்தையில் வாங்கிய பூச்சிகளைக் காட்டில் அலைந்து பிடித்ததாக ஒரு புராணம் வேறு!

"மாஸ்ரர், காணாமல் போனது எது?"

"புரொபெசர். பெண் பூச்சி. உதில நிக்கிறது ஆண். மஞ்சள் செட்டை, கறுப்புக் கரை, கீழ ரண்டு வால். ஜோடியைப் பாக்க மியூசியத்தில இருந்து ஒரு வெள்ளைக்காரர் நாலு மணிக்கு வாறார்."

"கடைசியா எப்ப கண்டனீங்கள்?"

"நேற்று, அவரோட போன் கதைக்கேக்க. பெண் பூச்சியைப் பற்றித்தான் கனநேரம் கதைச்சவர்."

"அந்த இடத்தில முந்தி வேற பூச்சி இருந்ததோ?"

"ஒருநாளும் இல்லை. மூண்டு வரிசமா இந்த ஜோடிதான்."

கோணேஸ்வரி பெட்டியைக் கழற்றி யன்னலோரம் பிடித்தாள். வெயில் பட்டு நீலத் துணி வெளுத்திருந்தது. காணாமல் போன பூச்சி மறைத்திருந்த இடம் மட்டும் வெளுக்கவில்லை. செட்டைகளும், கீழே இரண்டு வாலும் அச்சாகத் தெரிந்தன.

3.40.

"எடுத்தது நீங்கள்தான், மாஸ்ரர்."

"என்ன விசர்க்கதை!"

"இந்த இனத்தில வால் ஆணுக்குத்தான். சாம்பியாப் பெண்ணுக்கு வால் கிடையாது, நிறமும் வேற. குருவி தின்னாத கசப்புப் பூச்சி மாதிரி வேசம் போட்டுத் திரியும். இந்தத் துணியில ரண்டு வாலும் கிடக்கு. நீங்கள் வைச்சிருந்தது ரண்டும் ஆண். நேற்று அந்த மியூசியக்காரர் சொல்லித்தான் உங்களுக்கே தெரிஞ்சது. மானம் போகுமெண்டு ஒண்டை ஒளிச்சுப்போட்டு, பழியை இந்தப் பிள்ளையில போட்டிட்டியள்."

வந்தவர் போனவருக்கெல்லாம் இரண்டு ஆணைப் புருசன் பெண்சாதி என்று காட்டிய பெருமகன் கோட்டுப் பையிலிருந்து ஒரு சிகரெட் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே வால் முறிந்த பூச்சி கிடந்தது.

3.58. வாசல் மணி அடித்தது.

"தங்கச்சி, அவருக்குச் சொல்லிப்போடாதையும்..."

"நான் ஏன் சொல்லுறன்? நீங்கள்தான் சொல்லப்போறியள். இங்கிலிசில, ஒண்டும் விடாமல்." கோணேஸ்வரி குசினிப் பக்கம் திரும்பினாள். "தவமலர், முகத்தைத் துடைச்சுப்போட்டுப் போய்க் கதவைத் திற."