சத்தம் போடாத கீல்

காலை ஆறு மணிக்கு ஜெசிந்தா கையுறை மாட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியுமாகச் சுவர் துடைக்கக் கிளம்பினாள். தூத்துக்குடிக்குக் கிழக்கே, கடலடியில் நாற்பது குடும்பங்கள் வாழும் நீரகத்துக்கு அவள்தான் சுவர்க்காவலர். தரையில் வெயில் ஐம்பது டிகிரியைத் தாண்டியதும் இறங்கி வந்தவர்கள் இவர்கள். கடலுக்கும் அவர்களுக்கும் நடுவே பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக் சுவர் ஒன்றுதான்.

சுத்தியலால் அடித்தாலும் தாங்கும் அந்தச் சுவர், தப்பான எண்ணெயைத் தாங்காது. கீலுக்குச் சிலிக்கோன் எண்ணெய், அழுக்குக்குச் சோப்புத் தண்ணீர், அவ்வளவுதான். வேறு எதையாவது பூசியவர் குடும்பத்தோடு மேலே தரைக்கே திரும்பிவிட வேண்டும் என்பது நீரகத்தின் சட்டம். பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைப் பாடம் எடுப்பவளும் ஜெசிந்தாதான்.

கடைசியாகத் தன் வீட்டின் நீர் புகாத அழுத்தக்கதவுக்கு வந்தாள். நேற்றுவரை கிரீச்சிட்ட கீல் இன்று வாயே திறக்கவில்லை. விளக்கைச் சாய்த்துப் பிடித்தாள். கீலின் திருகாணியைச் சுற்றிச் சுவரில் முடி போல வெள்ளை விரிசல் கோடுகள்.

“இதுல என்னத்த அடிச்சீய?”

கணவன் ரைமண்ட் தலை குனிந்தான். “துருவுக்கு அடிக்கிற ஸ்பிரே. சிலிக்கோன் எண்ண வர பத்து நாள் ஆகும்னாவ. கதவு கத்துனா பிள்ள முழிச்சிருதான்ளா. மூணு நாள் காய்ச்சலுக்கப்புறம் நேத்துதான் அசந்து தூங்குனான்.”

சொல்லிக்கொண்டே அவன் ஒரு துணியில் பெயிண்ட் கரைக்கும் தின்னரை ஊற்றினான். “துடைச்சிட்டா யாருக்கும் தெரியாது.”

அவள் பாய்ந்து அவன் கையைப் பிடித்தாள். “தின்னர் பட்டா இப்பவே பிளந்துரும்! தள்ளிப் போங்க!”

சோப்புத் தண்ணீரால் மூன்று முறை கழுவினாள். ஆனாலும் ஒரு கோடு அவள் கண்ணெதிரிலேயே விரல்கடை நீண்டது.

“சொல்லாத ஜெசி,” என்றான் ரைமண்ட். “மேல வெயில அவன் நெஞ்சு தாங்காதுன்னு டாக்டர் சொன்னாவல்லா?”

சொல்லாமல் இருந்துவிடலாம் என்று அவளுக்கும் தோன்றியது. அதை நினைத்துப் பின்னாளில் வெட்கப்பட்டாள். கட்டிலில் வாய் திறந்தபடி மகன் ஜோவின் தூங்கிக்கொண்டிருந்தான். அதே சுவரை நம்பி இன்னும் முப்பத்தொன்பது வீடுகள் தூங்கின.

அபாய மணியை அழுத்தினாள்.

நீரகமே அலறியது. ஜோவின் திடுக்கிட்டு எழுந்து வீரிட்டான். அவள் அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டாள்.

“நாலஞ்சு துணிய நனைச்சு எடுத்துக்கோங்க,” என்றாள் ரைமண்டிடம். “மேல போனதும் இவன் தலைல போடணும்.”