பனி பிடித்த முன்கண்ணாடி

சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

மேசை மேல் ஹெலிகாப்டர் இருந்த இடத்தில்தான் இருந்தது. பச்சை உடம்பு, நீண்ட வால், பக்கவாட்டில் திறந்த கதவு, எல்லாம் சரி. ஆனால் முகம் மட்டும் சரியில்லை. மைனா குனிந்து பார்த்தாள். பளிச்சென்று இருந்த முன்கண்ணாடி வெள்ளை வெளேரென்று மாறியிருந்தது. கொதிக்கும் பாத்திரத்துக் கண்ணாடி மூடியைப் போல.

"வாலு!"

மேசைக்குக் கீழே இரண்டு கால்கள் தெரிந்தன. பிறகு ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவள் தம்பிதான். ஏழு வயது. செய்யும் சேட்டைக்காக வீட்டில் வைத்த பெயர் வாலு.

"என்னடா பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல."

"அப்ப உன் விரல் ரெண்டும் ஏன் ஒட்டிக்கிட்டிருக்கு?"

வாலு கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். மைனா பிடித்து இழுத்துப் பார்த்தாள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கெட்டியாக ஒட்டியிருந்தன. தரையில் அம்மாவின் அறுந்த செருப்பை ஒட்டிய உடனடிப் பசை, மூடி இல்லாமல் கிடந்தது.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டும்னு கண்ணாடியை ஒட்டி வச்சேன்க்கா. அதுவா வெள்ளையாயிடுச்சு."

மைனாவுக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

ஒரு மாதமாக அவள் அந்த ஹெலிகாப்டரைக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ராணுவத்தில் மீட்பு ஹெலிகாப்டரில் வேலை பார்ப்பவர். வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களைக் கயிறு இறக்கித் தூக்குவது அவர் வேலை. இது அதே ஹெலிகாப்டர்தான், நாற்பத்தெட்டு மடங்கு சின்னதாக. பெட்டியில் வந்த இருநூறுக்கும் மேற்பட்ட பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றையும் வெட்டி, பிசிறைத் தேய்த்து, இடுக்கியால் பிடித்து ஒட்ட வேண்டும். இருக்கைகளுக்கு வார்ப்பட்டை இல்லை என்று மாத்திரை அட்டையின் பின்பக்கத் தாளை மெல்லிசாக நறுக்கிப் பட்டை செய்தாள். ஆள் தூக்கும் கயிற்றுக்கு, கெட்டுப்போன இயர்போனைப் பிரித்து உள்ளிருந்த செம்புக் கம்பியை எடுத்தாள். எஞ்சினுக்குக் கீழே கறுப்புப் பெயிண்டைத் தண்ணீராகக் கரைத்து எண்ணெய்க் கறைகூட வைத்திருந்தாள்.

"கறையே இல்லன்னா அது பறக்காத ஹெலிகாப்டர்னு அர்த்தம்" என்று அப்பா ஒரு தடவை சொல்லியிருந்தார்.

அப்பா கிளம்பி ஒன்பது நாள் ஆகிறது. மலைப்பக்கம் வெள்ளம். அவர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மைனா பள்ளிவிட்டு வந்ததும் மேசையே கதியென்று கிடந்தாள். மிச்சம் இருந்தது கண்ணாடியும் மேல் விசிறியும் மட்டும்தான்.

"அந்தப் பசையைக் கண்ணாடிக்குப் போடவே கூடாதுன்னு பெட்டியோட வந்த தாள்ல போட்டிருக்குடா! அதோட ஆவி பட்டாலே பனி மாதிரி படிஞ்சிடும்."

"எனக்குத் தெரியாதுக்கா."

கோபத்தில் மைனாவுக்குக் குரல் ஏறியது. "இப்படி இருந்தா பைலட்டுக்கு வழி எப்படித் தெரியும்? நேரா மலையில போய் முட்டிக்க வேண்டியதுதான்!"

வாலு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அவன் விரல்களை ஊறவைத்துப் பிரித்துவிட்டாள். துண்டை எடுத்து அவன் கையைத் துடைத்தாள்.

அப்போதுதான் கீழ்வீட்டு அத்தையின் டிவி ஜன்னல் வழியாகக் கேட்டது. அந்த அத்தைக்குக் காது கொஞ்சம் மந்தம். அவர் செய்தி கேட்டால் தெருவே கேட்கும்.

"...மலைப்பகுதியில் கடும் மூடுபனி. மீட்புப் பணிக்குச் சென்ற ராணுவ ஹெலிகாப்டர் ஒன்றுடன் மதியம் முதல் தொடர்பு துண்டிக்கப்பட்டுள்ளது..."

மைனா துண்டைக் கீழே போட்டுவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அம்மா ஆற்றுக்கு அந்தப் பக்கம் தபால் நிலையத்தில் வேலை பார்க்கிறாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"அம்மா, டிவியில..."

"தெரியும்டி கண்ணு. அப்பா ஆபீஸ்ல பேசினேன்." அம்மாவின் குரல் நடந்துகொண்டே பேசுவதைப் போல் ஏறி இறங்கியது. "மூணு ஹெலிகாப்டர் போயிருக்கு. எதுன்னு இன்னும் சொல்ல மாட்டேங்குறாங்க. நான் கிளம்பிட்டேன். பாலத்துல ஒரே நெரிசல். எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும்."

"சரிம்மா."

"தம்பிய பார்த்துக்க. போனைக் கையிலயே வச்சுக்க. அவன்கிட்ட எதுவும் சொல்லிடாத."

மைனா கண்ணைத் துடைத்துக்கொண்டு, முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

வாலு அங்கே இல்லை.

மேசையைப் பார்த்தாள். ஹெலிகாப்டரின் முகத்தில் ஓட்டை. கண்ணாடியும் இல்லை.

"வாலு?"

கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவுக்குப் பின்னால் பார்த்தாள். வாசல் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. கொஞ்சம் மூச்சு வந்தது. எங்கிருந்தோ தண்ணீர் சத்தம் கேட்டது.

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, வாலு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் கண்ணாடி. இன்னொரு கையில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்.

"நிறுத்துடா!"

வாலு திடுக்கிட்டு நிமிர்ந்தான். மைனா பாய்ந்து நாரைப் பிடுங்கினாள். நல்லவேளை, இன்னும் தேய்க்க ஆரம்பிக்கவில்லை. பட்டிருந்தால் கண்ணாடி முழுக்கக் கீறலாகியிருக்கும். திட்ட வாயைத் திறந்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். மூக்கு, கன்னம், மோவாய் எல்லாம் ஈரம். அது குழாய்த் தண்ணீர் இல்லை.

"நான்தான்க்கா பண்ணிட்டேன்" என்றான் விக்கி விக்கி. "அப்பாவுக்கு வழி தெரியல. டிவியில சொல்லிட்டாங்க. மலையில போய் முட்டிக்குமா?"

மைனாவுக்குச் சுருக்கென்றது. அவள் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. அப்படியே எடுத்து வைத்திருக்கிறான்.

குழாயை மூடிவிட்டு அவன் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"இதோ பாரு. இது பொம்மை. இந்தக் கண்ணாடிக்கும் அப்பா ஹெலிகாப்டருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல."

"நீதானே சொன்ன?"

"கோபத்துல சொன்னேன்டா. தப்பா சொல்லிட்டேன். அந்தப் பனி உன் பசையால வரல. மழை பெஞ்சா மலையில தானா வரும்."

வாலு நம்பியதாகத் தெரியவில்லை. கண்ணாடியை நெஞ்சோடு வைத்துக்கொண்டு விசும்பினான். என்ன சொன்னாலும் இவன் காதில் ஏறாது என்று அவளுக்குத் தெரிந்தது. போனைப் பார்த்தாள். எதுவும் வரவில்லை.

"சரி, எழுந்திரு. இதைத் துடைக்கலாம்."

"துடைச்சா போகுமா?"

"நார் வேணாம். பேஸ்ட் எடு."

"பல் தேய்க்கிறதா?"

"அதேதான். அப்பா கைக்கடிகாரத்துல கீறல் விழுந்தப்ப அதை வச்சுத்தான் தேய்ச்சார். மறந்துட்டியா?"

கூடத்து மேசையில் பழைய துணியை விரித்தாள். பெட்டியில் மிஞ்சிக் கிடந்த ஒரு சின்ன ஜன்னல் கண்ணாடியில் முதலில் பேஸ்ட் தடவிப் பார்த்தாள். கீறல் விழவில்லை. அதன் பிறகுதான் முன்கண்ணாடியைக் கையில் எடுத்தாள். பாதி முட்டை ஓடு அளவுதான் இருந்தது. அதே மாதிரி மெல்லிசு. கொஞ்சம் அழுத்தினாலும் போய்விடும்.

பஞ்சில் கடுகளவு பேஸ்ட். வட்டம் வட்டமாக, அழுத்தாமல். இருபது சுற்று. கழுவு. வெளிச்சத்தில் பார்.

அப்படியே வெள்ளையாகத்தான் இருந்தது.

மறுபடி இருபது சுற்று. மறுபடி கழுவு.

வாலு தேய்க்கிற விரலைக் கண் கொட்டாமல் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான். "பொம்மைக்கும் அப்பாவுக்கும் சம்பந்தம் இல்லன்னா, அப்ப எதுக்குத் தேய்க்கிறோம்?"

மைனா கொஞ்சம் யோசித்தாள். "சும்மா உட்கார்ந்திருந்தா பயமா இருக்கு. அதான்."

"உனக்குமா?"

"எனக்கும்தான்."

வாலு அக்காவை ஆச்சரியமாகப் பார்த்தான். கரப்பான்பூச்சியைக் கையால் பிடித்து வெளியே போடுகிறவள் அவள். அவளுக்கே பயமா? நாற்காலியை இழுத்து அவளோடு ஒட்டிப் போட்டுக்கொண்டான்.

"அந்த ஓரத்தை நான் தேய்க்கட்டுமா? அழுத்த மாட்டேன்."

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் தந்திருக்க மாட்டாள். இப்போது தந்தாள். வாலு நாக்கைத் துருத்திக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தேய்த்தான். எண்ணிக்கொண்டே தேய்த்தான். பதினாலுக்குப் பிறகு பதினாறு வந்தது. மைனா திருத்தவில்லை.

போன் அடித்தது.

இருவரும் திடுக்கிட்டு எழுந்தார்கள். மைனா எடுத்தாள்.

"வணக்கம் மேடம், உங்க வீட்டுக்குத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவி..."

"வேணாம்!"

வைத்துவிட்டாள். வாலுவின் உதடு பிதுங்கத் தொடங்கியது.

"தேய்டா. இன்னும் நாலு சுற்று பாக்கி."

ஒன்று. இரண்டு. மூன்று.

"டிக்" என்று ஒரு சத்தம்.

வாலு கண்ணாடியைத் துணி மேல் போட்டுவிட்டு இரண்டு கையையும் மேலே தூக்கினான். கீழ் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல். அவன் அழ வாயைத் திறந்தான்.

மைனா அதை எடுத்துச் சாளரத்துப் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"பரவால்ல. இங்க கண்ணாடியோட சட்டம் வருது. பச்சைப் பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிடும்."

"நிஜமாவா?"

"நிஜமா. ஆனா இதைப் பாரேன்."

விரிசலுக்கு மேலே, வாலு தேய்த்த இடத்தில், ஒரு கட்டைவிரல் நகம் அளவுக்குக் கண்ணாடி தெளிந்திருந்தது. அதன் வழியாக எதிர்வீட்டுக் கொடியில் மழையில் நனையும் துணிகூடத் தெரிந்தது.

அதற்குப் பிறகு கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் தேய்க்க, ஒருவர் கழுவ, மாற்றி மாற்றிச் செய்தார்கள். உள்பக்கத்து வளைவுக்குப் பஞ்சைத் தீக்குச்சியில் சுற்றிக்கொண்டார்கள். கூடமே பல் தேய்த்தது போல மணந்தது. கீழே டிவி அதே செய்தியைத் திரும்பத் திரும்பச் சொன்னது. ஒவ்வொரு தடவையும் வாலு நின்றான். ஒவ்வொரு தடவையும் மைனா தோளால் அவனை இடித்தாள். அவன் திரும்பவும் தேய்த்தான்.

படியில் தடதடவென்று செருப்புச் சத்தம். மைனா ஓடிப்போய்த் தாழை நீக்கினாள். அம்மா தொப்பலாக நனைந்து நின்றாள். குடை கையில் மடித்தபடியே இருந்தது. விரிக்க மறந்திருக்கிறாள். காதில் போன்.

"ஆமாங்க... ஆமாங்க... எல்லாருமா?" என்றாள் அம்மா. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"அம்மா, என்னம்மா?"

"அப்பா போன ஹெலிகாப்டர்தான். ஆனா நல்லா இருக்காங்க. பனி அதிகமானதும் பைலட் ஒரு பள்ளிக்கூட மைதானத்துல இறக்கிட்டாராம். மலை நடுவுல இருக்கிறதால ரேடியோ எடுக்கல. தூக்கிட்டு வந்த பதினோரு பேரும் பத்திரம். பள்ளிக்கூட வாட்ச்மேனோட போனை வாங்கிப் பேசிட்டிருக்காரு. இந்தா, அப்பாதான்."

மைனா போனை வாங்கினாள். "அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

"எப்படிடா இருக்கீங்க ரெண்டு பேரும்?" அப்பாவின் குரல் கரகரத்தது. பின்னால் யாரோ ஒரு குழந்தை அழுவது கேட்டது.

"நல்லா இருக்கோம்ப்பா" என்று சொல்லிப் போனை வாலுவிடம் நீட்டினாள். அவளுக்கு இப்போது கொஞ்சம் அழ வேண்டியிருந்தது.

வாலு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அப்பா, நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அக்கா ஹெலிகாப்டர்ல கண்ணாடியை நான்தான் கெடுத்தேன். அம்மாவோட செருப்புப் பசையைப் போட்டுட்டேன். என் விரல்கூட ஒட்டிக்கிச்சு. நாங்க பேஸ்ட் போட்டுத் துடைச்சிட்டோம், ஆனா ஒரு மூலையில விரிசல் விட்டுடுச்சு."

அந்தப் பக்கம் அப்பா பேசினார். என்ன பேசினார் என்று மைனாவுக்குக் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் இருக்கும்போது ஏறுவதைப் போலவே குரல் ஏறுவது கேட்டது. பசை, கண், எத்தனை தடவை சொல்றது என்று துண்டு துண்டாக வந்தது.

வாலுவின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. கடைசியில் பல்லெல்லாம் தெரிய, போனைக் காதிலிருந்து எடுக்காமலே, வீடு அதிரக் கத்தினான்.

"அக்கா! அப்பா என்னைத் திட்டுறாருக்கா!"